முறையீட்டின் முறை

ஜார்ஜ் டவுன் நகரின் பழைய கடைவீட்டு வரிசைகளில் மழைக்காலந்தோறும் ஒரு தொல்லை தலைகாட்டும். பின்சந்துக் கால்வாயில் பிளாஸ்டிக் பையும் எண்ணெய்க் கசடும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். நீர் வடியாமல் தேங்கும், நாற்றம் வீசும், கொசு பெருகும். பெருமழை பெய்தால் அழுக்குநீர் சமையற்கட்டுக்குள் ஏறும். மாலையில் அஞ்சடியில் நாற்காலி போட்டு அமர்வோர் இதைப் பற்றித்தான் பேசுவர். "எத்தனை தடவ சொல்லியாச்சு அண்ணே, யாரு கேக்குறா?" என்பார் ஒருவர். யாரிடம் சொன்னார், எந்த நாளில் சொன்னார், எழுத்தில் கொடுத்தாரா என்று கேட்டால் தெளிவான விடை வருவதில்லை. குப்பை வண்டியோடு வந்த தொழிலாளியிடம் சொல்லியிருப்பார். கோயிலில் கண்ட அரசியல் பிரமுகரிடம் சொல்லியிருப்பார். அவர்களும் தலையசைத்துச் சென்றிருப்பர். இங்கே குறை உண்டு, முறையீடு இல்லை.

குறையை முறையீடாக ஆக்குவது எவ்வாறு என்பதையும், அதனைப் பினாங்கில் வாழ்வோர் இன்று கற்றுக்கொள்ள வேண்டிய தேவை முன்னைவிட மிகுந்திருப்பது ஏன் என்பதையும் ஈண்டுக் காண்போம்.

சொல் காட்டும் பொருள்

தமிழில் 'முறை' என்பது ஒழுங்கையும் குறிக்கும், நீதியையும் குறிக்கும். நீதி வழங்குதலை 'முறை செய்தல்' என்றனர் முன்னோர். ஆகவே முறையிடுதல் என்பது நீதி வேண்டி, அதை வழங்கவல்லார் முன்னிலையில், ஒழுங்காக எடுத்துரைத்தலாகும். இன்று பெருவழக்காயுள்ள 'புகார்' என்னும் சொல், கூவி அழைத்தல் என்னும் பொருளுடைய இந்துஸ்தானிச் சொல்லின் வழியே தமிழுக்கு வந்தது. காவிரி கடலொடு கலக்குமிடத்தில் விளங்கிய புகார் நகரின் பெயரோடு அதற்கு யாதொரு உறவும் இல்லை. மலாய் மொழியில் இதனை 'அடுவான்' என்பர். பெயர் எதுவாயினும், கூவுவது எளிது. முறையாக எடுத்துரைப்பதற்குப் பயிற்சி வேண்டும்.

ஒரே கதவு இருந்த காலம்

பிரான்சிஸ் லைட் பினாங்கில் இறங்கியது 1786-இல். நகர நிருவாகத்திற்கென 1800-இல் மதிப்பீட்டாளர் குழு ஒன்று ஏற்பட்டது. 1857-இல் நகராட்சி ஆணையர் மன்றம் அமைந்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இந்நகராட்சி பெரியதொரு நிறுவனமாக வளர்ந்துவிட்டது. குடிநீர் வழங்கியது அதுவே. மின்சாரம் வழங்கியதும் அதுவே. டிராம் வண்டியும், பின்னர் டிராலி பஸ்ஸும் அதனுடையவே. குழாயில் நீர் நின்றாலும், விளக்கு அணைந்தாலும், பஸ் வராவிட்டாலும், கால்வாய் அடைத்தாலும் மக்கள் சென்று தட்ட வேண்டிய கதவு ஒன்றாகவே இருந்தது.

அக்கதவுக்கு உள்ளே இருந்தவர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் மக்களுக்கு வந்தது. 1951 டிசம்பர் முதல் நாள் மலாயாவிலேயே முதன்முதலாக ஜார்ஜ் டவுனில் நகராட்சித் தேர்தல் நடைபெற்றது. தஞ்சோங், கெலாவாய், ஜெலுத்தோங் ஆகிய மூன்று வட்டாரங்களிலிருந்து, பதினைந்து ஆணையருள் ஒன்பதின்மர் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டனர். 1956-இல் மன்றம் முழுவதும் தேர்ந்தெடுக்கப்பட்டோர் மன்றமாயிற்று. 1957 ஜனவரி முதல் நாள், நாடு விடுதலை அடைவதற்கு எட்டு மாதங்களுக்கு முன்னர், எலிசபெத் அரசியாரின் சாசனத்தால் ஜார்ஜ் டவுன் மாநகராயிற்று. தொழிற்கட்சியைச் சேர்ந்த டி. எஸ். ராமநாதன் அதன் முதல் மேயராக விளங்கினார். ஸ்காட் ரோடு எனப்பட்ட சாலை இன்று ஜாலான் டி. எஸ். ராமநாதன் என்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அக்காலத்தில் ஒரு தெருவின் கால்வாய் மாதக்கணக்கில் அடைத்துக் கிடந்தால், அவ்வட்டாரத்து உறுப்பினர் அடுத்த தேர்தலை எண்ணிப் பார்க்க வேண்டியிருந்தது. வாய்ச்சொல்லுக்குப் பின்னால் வாக்குச்சீட்டு நின்றது.

வாக்கு மறைந்தது, கதவுகள் பெருகின

1965 மார்ச்சில், இந்தோனேசியாவுடன் மூண்டிருந்த மோதலை முன்னிட்டு, நாடெங்கும் உள்ளூராட்சித் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன. 1966-இல் மாநகர மன்றத்தின் பணிகள் மாநில முதலமைச்சரின் பொறுப்பில் வந்தன. உள்ளூராட்சி மன்றங்களை ஆராயச் செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையில் அமைந்த அரச ஆணையம் 1968-இல் பணியை முடித்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே வேண்டும் என்பது அதன் பரிந்துரை. அஃது ஏற்கப்படவில்லை. 1974-இல் நகரமும் தீவின் ஊர்ப்புறமும் ஒரே நிருவாகத்தின்கீழ் இணைந்தன. 1976-ஆம் ஆண்டு உள்ளூராட்சிச் சட்டம் தேர்தல்களுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. 2012-இல் பினாங்கு மாநிலம் தேர்தலை மீட்கத் தானே ஒரு சட்டம் இயற்றிற்று. அதற்கு மாநிலத்திற்கு அதிகாரம் இல்லை என்று 2014-இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2015-இல் நகராண்மைக் கழகம் பினாங்குத் தீவு மாநகர் கழகமாக உயர்ந்தது. ஆயினும் அதன் உறுப்பினர் மாநில அரசால் நியமிக்கப்படுவோரே.

இதே காலத்தில் பழைய ஒற்றைக் கதவும் பலவாகப் பிரிந்தது. குடிநீர் 1973-இல் தனி நிருவாகத்தின்கீழ்ச் சென்றது. மின்சாரம் 1976-இல் தேசிய மின்சார வாரியத்திற்குச் சென்றது. அவ்வாரியமே 1990-இல் தெனாகா நேஷனல் ஆயிற்று. கழிவுநீர்க் குழாய்கள் 1990-களில் இண்டா வாட்டர் நிறுவனத்தின் கைக்கு வந்தன.

இவ்விரண்டு மாறுதல்களையும் சேர்த்துப் பார்த்தால் இன்றைய நிலை விளங்கும். எந்தக் கதவு என்று அறிவது கடினமாயிற்று. தட்டியும் திறவாத கதவை மாற்றும் வாக்குரிமையும் இல்லையாயிற்று. முன்பு வாக்குச்சீட்டு செய்த வேலையில் ஒரு பகுதியை இன்று காகிதமே செய்ய வேண்டியிருக்கிறது. நாளும் எண்ணும் இட்ட கடிதம் அலுவலகத்தின் கோப்பில் கிடந்து, 'இக்குறை சொல்லப்பட்டது. இன்னும் தீரவில்லை' என்று சாட்சி கூறும். வாய்ச்சொல் அவ்வாறு சாட்சி கூறாது.

எந்தக் குறைக்கு எந்த இடம்?

முறையீடுகள் வீணாவதற்கு முதற்காரணம் இடம் மாறிச் செல்லுதல். ஆகவே எழுதுமுன் குறையை வகைப்படுத்துதல் வேண்டும்.

குப்பை அள்ளுதல், தெருவைத் துப்புரவு செய்தல், மழைநீர்க் கால்வாய், நகரத் தெருக்கள், சந்தை, அங்காடிக் கடைகள், கட்டட அனுமதி, அஞ்சடியில் நடைவழியை மறித்தல் ஆகியவை மாநகர் கழகத்தைச் சார்ந்தவை. குப்பை பற்றி ஒரு சிறு விளக்கம் தேவை. 2007-ஆம் ஆண்டு திடக்கழிவுச் சட்டத்தைக் கெடா, ஜொகூர் முதலிய மாநிலங்கள் ஏற்றமையால், அங்கே இப்பணி கூட்டரசு அமைப்பின் பொறுப்பு. பினாங்கு அதில் சேரவில்லை. எனவே சுங்கை பட்டாணியில் வாழும் உறவினர் சொல்லும் வழி பினாங்கில் செல்லாது. செபராங் பிறைக்கும் தனியே ஒரு மாநகர் கழகம் உண்டு. பட்டர்வொர்த் குறையை ஜார்ஜ் டவுனில் சொல்வதால் பயனில்லை.

குழாய்நீர் பற்றிய குறை பினாங்கு நீர் விநியோக நிறுவனத்திற்கு உரியது. வீட்டு மின்சாரம் தெனாகாவுக்கு உரியது. மலக்கழிவுக் குழாய் பொங்கினால் இண்டா வாட்டர். மழைநீர்க் கால்வாயும் கழிவுநீர்க் குழாயும் வேறு வேறு என்பதைப் பலர் அறியார். கடிதங்கள் வழிதவறுவதற்கு இஃது ஒரு பெருங்காரணம். ஆறுகள் வடிகால் நீர்ப்பாசனத் துறையைச் சார்ந்தவை. துன் டாக்டர் லிம் சோங் யூ விரைவுச்சாலை போன்ற கூட்டரசுச் சாலைகளைப் பொதுப்பணித் துறை பார்த்துக்கொள்கிறது. வீட்டு வரியாகிய 'சுக்காய் பிந்து' மாநகர் கழகத்திற்குச் செலுத்துவது. நிலவரியோ நில அலுவலகத்தைச் சார்ந்தது.

மற்றொன்றும் கருதத்தக்கது. எல்லாச் சந்துகளும் பொதுச் சந்துகள் அல்ல. தெரு, வடிகால், கட்டடம் பற்றிய 1974-ஆம் ஆண்டுச் சட்டம் பொதுத் தெரு, தனியார் தெரு என வேறுபடுத்துகிறது. தனியார் தெருவாயின் அதைச் செப்பனிடும் பொறுப்பு அதனை ஒட்டியுள்ள மனைகளின் உடைமையாளர் மேல் விழக்கூடும். எனவே, 'இச்சந்து பொதுவா, தனியாரதா?' என்று முதலில் கழகத்தையே கேட்டு அறிதல் நலம்.

கண்ணகியின் வழக்குரை

கடிதத்தில் என்னென்ன இருத்தல் வேண்டும் என்பதற்குத் தமிழாசிரியர் வெளியே சென்று இலக்கணம் தேட வேண்டியதில்லை. சிலப்பதிகாரத்து வழக்குரை காதையே நல்லதொரு மாதிரி. கண்ணகி மதுரை வீதியில் நின்று புலம்பியதோடு அமையவில்லை. தவற்றைத் திருத்தும் அதிகாரம் உடையவன் முன்னிலைக்கே நேரே சென்றாள். தன் ஊர், கணவனின் குடி, மதுரைக்கு வந்த காரணம், நேர்ந்த கொலை, தன் பெயர் ஆகியவற்றை எடுத்துரைத்தாள். பின்னர், யாரும் அப்பொழுதே சோதித்துப் பார்க்கக்கூடிய ஒரு செய்தியைச் சொன்னாள்: தன் சிலம்பின் உள்ளே இருப்பது மாணிக்கப் பரல். தன் சிலம்பில் உள்ளது முத்து என்றான் அரசன். சிலம்பு உடைக்கப்பட்டது, வழக்கு முடிந்தது. அவள் கண்ணீர் அரசனை நடுங்கச் செய்தது. தீர்ப்பை மாற்றியதோ அந்தப் பரல்.

சொல்பவர் யார், இடம் எது, நிகழ்ந்தது என்ன, சான்று யாது என்னும் நான்கும் அங்கே உள்ளன. இன்றைய கடிதத்திற்கு ஐந்தாவதாக ஒன்று வேண்டும். அது, என்ன செய்துதர வேண்டும் என்னும் வேண்டுகோள்.

பலர் எழுதும் கடிதம் பெரும்பாலும் இவ்வாறு இருக்கும்: "எங்கள் பகுதியில் கால்வாய் மிகவும் மோசமாக உள்ளது. பலமுறை கூறியும் யாரும் கவனிக்கவில்லை. வரி மட்டும் வாங்குகிறீர்கள். ஏழைகள் என்பதால் இந்த அலட்சியமா? உடனே நடவடிக்கை எடுக்கவும்." இதில் கூறியவை அனைத்தும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் இதைப் படிக்கும் எழுத்தர் பணியாளரை எந்தத் தெருவுக்கு அனுப்புவார்?

அதே குறையை வேறுவிதமாகவும் எழுதலாம்: "பொருள்: இன்ன தெரு, 30 முதல் 38 வரையுள்ள இரட்டைப்படை எண் வீடுகளின் பின்சந்துக் கால்வாயில் அடைப்பு. இக்கால்வாய் மார்ச் 3-ஆம் நாள் முதல் அடைத்துக்கொண்டுள்ளது. 38-ஆம் எண் வீட்டின் பின்புறம் கால்வாய் மூடி உடைந்து உள்ளே விழுந்திருக்கிறது. மழை பெய்யும்போது ஐந்து வீடுகளின் சமையற்கட்டுக்குள்ளும் அழுக்குநீர் வருகிறது. மார்ச் 5-ஆம் நாள் தொலைபேசி வழித் தெரிவித்தோம். உடைந்த மூடியை அகற்றி, அடைப்பை நீக்கி, புதிய மூடி இட்டுத்தர வேண்டுகிறோம். இரண்டு படங்கள் இணைக்கப்பட்டுள்ளன." கீழே ஐந்து வீட்டாரின் பெயரும் கையொப்பமும், ஒருவரின் தொலைபேசி எண்ணும் இருத்தல் வேண்டும்.

இரண்டாம் கடிதத்தில் கோபம் இல்லை. ஆயினும் தட்டிக்கழிக்க இயலாத கடிதம் அதுவே. ஒரு கடிதத்தில் ஒரு குறையே இருத்தல் நன்று. கால்வாயும் தெருவிளக்கும் தெருநாயும் ஒரே தாளில் இருந்தால், மூன்று பிரிவுகளுள் எதுவும் அதைத் தனதாகக் கொள்ளாது. பெயரில்லாக் கடிதத்திற்கு மறுமொழி அனுப்பவும் வழியில்லை.

ஆட்சிமொழி மலாயாதலால் கடிதம் மலாயில் இருப்பது நடைமுறைக்கு ஏற்றது. முதியோர் பலர் தயங்கி நிற்பது இங்கேதான். முற்காலத்தில் மனு எழுதிக் கொடுப்போர் அஞ்சடியில் மேசை போட்டு அமர்ந்திருந்தனர். இன்று அவ்வேலையை வீட்டிலுள்ள பள்ளிப்பிள்ளையே செய்யக்கூடும். தமிழில் செய்தியை ஒழுங்குபடுத்திக் கொண்டால், மலாயில் பெயர்த்தல் பெரிய காரியம் அன்று.

கடிதம் கொடுத்த பின்

கடிதத்தை நேரில் கொடுத்தால், வைத்துக்கொள்ளும் நகலில் அலுவலக முத்திரையும் நாளும் பெறுதல் வேண்டும். தொலைபேசியிலோ இணையப் படிவத்திலோ சொன்னால் முறையீட்டு எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். மலாய்க் கடிதங்களில் 'ரூஜுக்கான்' எனக் காணப்படுவது மேற்கோள் எண். அடுத்து எழுதும் ஒவ்வொரு கடிதமும் அவ்வெண்ணோடு தொடங்குதல் நன்று. இல்லையேல் பழைய குறை புதிய குறையாகவே மீண்டும் மீண்டும் பதியப்பெறும்.

இரண்டு மூன்று வாரங்களில் பயன் விளையாவிடில், முதற்கடிதத்தின் நகலோடு இரண்டாம் கடிதம் எழுதலாம். அதன் படி ஒன்றை அவ்வட்டாரத்துக் கழக உறுப்பினருக்கும் அனுப்பலாம். அவர் நியமனம் பெற்றவர்தாமே என்று ஒதுக்குதல் சரியன்று. மேயரோடு, எட்டுக்குக் குறையாமலும் இருபத்து நான்குக்கு மேற்படாமலும் உறுப்பினர் இருப்பர் என்று 1976-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. அவர்களுக்கு உரிய தகுதிகளுள் ஒன்றாக, தம் சமூகத்தின் நலனை எடுத்துரைக்க வல்லவராதலையும் அதே சட்டம் குறிக்கிறது. அக்கடமையை அவருக்கு நினைவூட்டுவது குற்றமாகாது. அடுத்த படி சட்டமன்ற உறுப்பினர். அவரே மக்களின் வாக்குக்கு நேரே விடை சொல்ல வேண்டியவர். உறுப்பினரை நியமிப்பதும் மாநில அரசே.

கழகத்தின் முழுக்கூட்டம், மூடிய கூட்டமாக நடத்தத் தீர்மானித்தாலன்றி, பொதுமக்களுக்கும் பத்திரிகையாளருக்கும் திறந்தது என்பதும் சட்டத்தில் உள்ளது. அங்கே பார்வையாளராய் அமர்ந்து, தம் உறுப்பினர் பேசுகிறாரா என்று காண்பது எவருக்கும் இயலும். பினாங்கில் 2015-இல் நடைமுறைக்கு வந்த தகவல் சுதந்திரச் சட்டத்தின் வழி, மாநிலத் துறைகளின் ஆவணங்களைக் கேட்டுப் பெற விண்ணப்பிக்கவும் வழியுண்டு.

தனியாள் சோர்ந்துபோகும் இடத்தில் சங்கம் துணை நிற்கும். 1969-இல் தோன்றிய பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இத்தகைய குறைகளைக் கேட்டு உரிய அலுவலகங்களுக்கு எழுதுவதைத் தன் அன்றாடப் பணியாகக் கொண்டது. தமிழ்நாட்டில் பிறந்து பினாங்கில் வாழ்ந்த எஸ். எம். முகமது இத்ரிஸ் 2019-இல் மறையும்வரை பல பத்தாண்டுகள் அதற்குத் தலைமை தாங்கினார். தமிழிலும் இதழ் நடத்திய சங்கம் அது. ஆயினும் சங்கத்தை அணுகும்போதும் முதற்கேள்வி, 'நீங்கள் எழுதிய கடிதத்தின் நகல் எங்கே?' என்பதாகத்தான் இருக்கும்.

நாள் கடந்தால் செல்லாதவை

கால்வாய் பற்றி எந்நாளும் எழுதலாம். வீட்டு வரி மதிப்பீடு அத்தகையதன்று. புதிய மதிப்பீட்டுப் பட்டியலில் தம் வீட்டின் மதிப்பு மிகையென்று கருதுவோர், பட்டியலைத் திருத்தக் குறித்த நாளுக்குப் பதினான்கு நாட்களுக்கு முன்னரே எழுத்து மூலம் மறுப்பைத் தெரிவித்தல் வேண்டும். கழகத்தின் முடிவில் நிறைவில்லையெனில் உயர்நீதிமன்றத்திற்கு மேன்முறையீடு செய்யவும் சட்டம் இடந்தருகிறது. அறிவிப்புத் தாளைப் பிரிக்காமல் சாமிபடத்தின் பின்னே செருகி வைப்போர் இவ்வுரிமையை இழந்துவிடுகின்றனர்.

முறையீட்டின் எல்லை

முறையீட்டால் எல்லாம் ஆகிவிடும் என்று எண்ணுதலும் தவறு. ஒரு தெருவின் அடைப்பை அது நீக்கும். நகரத்துக் கால்வாய்களுக்கு ஆண்டுதோறும் எவ்வளவு பணம் ஒதுக்குவது, எந்த வட்டாரத்தை முதலில் சீர்செய்வது என்பவற்றை முடிவு செய்யும் ஆற்றல் அதற்கு இல்லை. அவை மக்கள் தம் சார்பாளரைக் கொண்டு தீர்மானிக்க வேண்டியவை. ஆதி நாகப்பன் ஆணையம் தேர்தலை வலியுறுத்தியதன் நியாயம் இன்றும் மங்கிவிடவில்லை. பத்தாம் நூற்றாண்டில் உத்திரமேரூர்ச் சபையார், ஏரி வாரியம், தோட்ட வாரியம் ஆகியவற்றுக்கு உறுப்பினரைக் குடவோலை இட்டுத் தேர்ந்தெடுத்த விதிகளைக் கல்லில் வெட்டி வைத்தனர். ஏரியைக் காப்பவர் யார் என்பது ஊராரைத் தொட்ட வினா என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

ஆனால் அவ்வுரிமை மீளும்வரை கால்வாய் காத்திராது. இருக்கும் கருவியை நன்கு பயன்படுத்துவோர்க்கே இல்லாத கருவியைக் கேட்கும் தகுதியும் வளரும்.

வகுப்பறைக்கு ஒரு பயிற்சி

பள்ளிகளில் முறையீட்டுக் கடிதம் நெடுங்காலமாகக் கற்பிக்கப்படுகிறது. பெரும்பாலும் அது கற்பனைத் தாமானில் குப்பை அள்ளாத கற்பனைக் குறையாக இருக்கும். அனுப்புநர், பெறுநர், பொருள், முடிவு என வடிவத்திற்கு மதிப்பெண் கிடைக்கும். கடிதம் பயிற்சி ஏட்டிலேயே தங்கிவிடும். மாணவர் தம் வீட்டருகே உள்ள உண்மையான குறை ஒன்றைத் தேர்ந்து, இடத்தைச் சென்று பார்த்து, அது எந்த அலுவலகத்தைச் சார்ந்தது என விசாரித்து, தமிழில் ஒரு படியும் மலாயில் ஒரு படியும் எழுதுமாறு செய்தல் கூடும். பெற்றோர் கையொப்பமிட்டு உண்மையாகவே அனுப்பலாம். மறுமொழி வந்தால் வகுப்பில் படிக்கலாம். வராவிடில் நினைவூட்டுக் கடிதமே அடுத்த பாடமாகும்.

அவ்வாறு ஒரு கால்வாயேனும் திறந்தால், அந்த மாணவன் கற்றது கடித வடிவம் மட்டும் அன்று. அரசு அலுவலகம் என்பது அஞ்சி ஒதுங்க வேண்டிய இடமில்லை என்பதையும், தன் வீட்டாரின் வரிப்பணத்தில் நடப்பது அது என்பதையும், தெளிவாக எழுதப்பட்ட சொல்லுக்கு அங்கே விடை கேட்கும் உரிமை உண்டு என்பதையும் அவன் கற்றுக்கொள்வான்.